அயல் எப்படி?

காணித் தரகர் என்ற மாத்திரத்தில் நம்மவர் முகம் சற்றே சுளிக்கும். கலியாணத் தரகருக்காவது பந்தலில் ஓர் இலை உண்டு. காணித் தரகருக்கு அதுவுமில்லை. உறுதி முடிந்து தரகுப் பணங் கைமாறிய மறுகணமே அவரை மறந்துவிடுகின்றோம். விற்றவர், 'குறைத்து விற்றுத் தந்தான்' என்பார். வாங்கியவர், 'கூட்டி வாங்கித் தந்தான்' என்பார். இருவருக்கும் நடுவே நின்றவர் ஊரில் என்ன கண்டார் என்று கேட்பார் எவருமிலர். அண்மையில் எனக்கு அதனைக் கேட்க நேர்ந்தது. கேட்டதிற் பாதி ஊரைப் பற்றியது. மற்றைப் பாதி என்னைப் பற்றியது. இரண்டையும் ஒருங்கே சொல்லிவிடுவதே முறை.

எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற வளவு 6 பரப்பு. யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, திருநெல்வேலிக்குங் கோண்டாவிலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் உள்ளது. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்பதை வெளிமாவட்ட வாசகர் பொருட்டுச் சொல்லிவைக்கின்றேன். வளவிற் பாதி எனக்கு. பாதி என் இளையவனுக்கு. இன்னும் பிரிவினை செய்யப்படாத ஆதனம். இளையவன் 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் கடல் கடந்தவன். இப்பொழுது கனடாவில் வாழ்கின்றான். சென்ற ஆண்டு, தன் பங்கை விற்றுத் தருமாறு எழுதி, அற்றோணித் தத்துவமும் எனது பெயருக்கு அனுப்பிவைத்தான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவன் பிள்ளைகள் அந்த வளவை ஒரே ஒருமுறை, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்து கண்டவர்கள். கிணற்றை எட்டிப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போயினர். அவர்கள் படிப்புக்கு வேண்டிய பணம் அந்த மண்ணில் முடங்கிக் கிடப்பானேன்?

நம் தேசவழமைப்படி, பங்காளியாகிய எனக்கே அதனை முதலில் வாங்கும் உரிமை உண்டு. உரிமை இருந்தது, பணம் இருக்கவில்லை. ஆகவே தரகரை அழைத்தேன்.

வந்தவர் என் பழைய மாணவர். நேரசை நிரையசை பிரிக்கச் சொன்னால் அக்காலத்தில் வியர்த்து நிற்பார். இன்றோ பரப்புங் குழியும் பிரிப்பதில் அவருக்கு நிகரில்லை. 18 குழி ஒரு பரப்பு என்னும் வாய்பாட்டை வைத்துக்கொண்டு, கோணலான காணியையும் கண்ணால் அளந்து விடுவார். நில அளவையாளர் பின்னர் வந்து சொல்லுங் கணக்கு அதற்கு மிகத் தூரம் போகாது. என் வகுப்பில் அவர் பெற்ற புள்ளிகளை நினைத்து நான் வெட்கப்பட்டேன் என்றே சொல்லவேண்டும்.

மாலைப் பொழுதில் இருவரும் ஒழுங்கை வழியே நடந்தோம். முப்பது ஆண்டுக்கு மேலாக நான் நடக்கும் ஒழுங்கை அது. ஆனால் அன்றுதான் அதனைப் புதிதாகப் பார்த்தேன்.

"ஐயா, நான் ஒரு வளவுக்குப் போனால் முதலில் மதிலைப் பார்ப்பேன், பிறகு தண்ணீரைப் பார்ப்பேன், கடைசியாக, இருட்டினபின் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பேன். இந்த மூன்றும் தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும்" என்றார்.

மதிலைப் பற்றி அவர் சொன்னது இது. கிடுகு வேலி இருந்த காலத்தில் வேலிக்கொரு பொட்டு இருந்தது. பிள்ளைகளும் கோழிகளும் அதன் வழியே போய்வந்தன. கறிக் கிண்ணமும் போய்வந்தது. சங்கடப் படலையின் கீழ் வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கினர். இப்பொழுது மதில் ஆளுயரத்துக்கு மேல் எழுந்துவிட்டது. நான் உடனே பழைய காலத்தைப் புகழத் தொடங்கினேன். தரகர் சிரித்தார். "ஐயா, அந்த வேலிக் கதியாலை ஒரு சாண் நகர்த்தியதற்காக இரண்டு தலைமுறை கோடேறின குடும்பங்களின் உறுதிகளும் என்னிடம் இருக்கின்றன. மதில் வந்தபின் அந்த வழக்குக் குறைந்துவிட்டது. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை" என்றார். பழமையைப் போற்றுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். வேலி உறவையும் தந்தது, பகையையும் தந்தது. மதில் இரண்டையுஞ் சேர்த்தே நிறுத்திவிட்டது.

தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது இன்னும் ஆழமானது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமது குடாநாட்டில் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வழியே இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அதுவே நமக்கு ஆறு, அதுவே குளம். தோட்டக் காணிகளாயிருந்த காலத்தில் ஒரு கிணற்றுக்கும் மறு கிணற்றுக்கும் இடையே வெளியிருந்தது. இன்று 2 பரப்பு, 1 பரப்பு என்று துண்டாடிய காணி ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலசலக் குழி. என் வீட்டுக் குழி என் கிணற்றுக்குத் தூரமாயிருந்தாற் போதும் என்று எண்ணுகின்றோம். அது மதிலுக்கப்பால் அயலவர் கிணற்றுக்கு அருகாயிருப்பதை எண்ணுவதில்லை. "மதில் மண்ணுக்கு மேலேதான் ஐயா, கீழே மதிலில்லை" என்றார் தரகர். யாப்பு வராத மாணவர் சொன்ன வாக்கியம் இது.

விளக்கைப் பற்றி அவர் மிகுதியாகச் சொல்லவில்லை. நடந்துகொண்டே எண்ணிக் காட்டினார். இது பூட்டிய வீடு. ஆடி ஆவணியில் திறக்கும். இது தாய் ஒருவர் மட்டும் இருக்கும் வீடு. மகன் வெளிநாட்டிலிருந்து புகைப்படக் கருவி வழியே முற்றத்தைப் பார்த்துக்கொள்கின்றார். இது பல்கலைக்கழக மாணவர்க்கு அறையறையாக வாடகைக்கு விட்ட வீடு. அதில் எல்லா அறையிலும் விளக்கு எரிகின்றது. 1974 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக வளாகம் தோன்றியபின் திருநெல்வேலியின் முகம் மாறிய விதத்தை நாம் அறிவோம். வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் இன்று வாடகை விளைவிக்கின்றது. எந்த வீட்டில் எந்த முதியவர் தனித்திருக்கின்றார், யாருக்கு நடக்க இயலாது என்பனவெல்லாம் அவர் நாவில் இருந்தன. அவ்வொழுங்கையிற் குடியிருக்கும் எனக்கு அவற்றிற் பாதியுந் தெரியாது. விற்பனைக்காக அறிந்தார் என்று இழித்துரைக்கலாம். ஆனால், விற்பனைக்காகவேனும் அவர் அறிந்தார். அன்புக்காகவும் நான் அறியவில்லை.

பின்னர்த் திண்ணையில் இருந்து உறுதிகளைப் புரட்டினோம். அப்போது தமிழ் கற்பிப்போனாகிய எனக்கு ஒரு பாடங் கிடைத்தது. நமது பகுதியிற் காணித்துண்டு ஒவ்வொன்றுக்கும் உறுதியிலே ஒரு பெயர் உண்டு. கலட்டி என்றும், புலம் என்றும், தாழ்வு என்றும், அடைப்பு என்றும், வளவு என்றும் முடியும் பெயர்கள் அவை. எங்கள் வளவுக்கு 'இலுப்பையடி வளவு' என்று பெயர். அந்த இலுப்பையை நான் கண்டதில்லை. என் தந்தையாருங் கண்டதில்லை. மரம் போனபின்னும் பெயர் நின்றது. இப்பெயர்களை நான் இலக்கியச் சுவைக்காகப் பாராட்டினேன். தரகரோ தொழிலுக்காகப் பாராட்டினார். "கலட்டி என்று கண்டால் கிணறு வெட்டக் கல்லுடைக்க வேண்டிவரும் என்று சொல்லிவிடுவேன். தாழ்வு என்று கண்டால், மாரியில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பேன். இப்போது விளம்பரத்திற் பெயர் போடுவதில்லை. பிரதான வீதியிலிருந்து இத்தனை மீற்றர் என்றுதான் போடச் சொல்கிறார்கள். பெயரை வாசியாமல் வாங்கினவர்கள், கார்த்திகையில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபின் என்னைத் திட்டுகிறார்கள்" என்றார். நம் முன்னோர் நிலத்தைப் பற்றி அறிந்ததையெல்லாம் ஒரு சொல்லிலே பொதிந்து வைத்தனர். அச்சொல்லை இன்று வாசித்துப் பொருள் கொள்பவர் தரகரேயன்றிப் பண்டிதரல்லர். இதனை எழுத எனக்கு நாணமாகவே உள்ளது.

இனித் தலையங்கத்துக்கு வருகின்றேன்.

"வாங்க வருகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்?" என்று வினவினேன். விலையென்றும் வீதியென்றும் விடை வருமென எதிர்பார்த்தேன். "அயல் எப்படி என்றுதான் கேட்பார்கள், ஐயா" என்றார்.

எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. அயல் என்னுஞ் சொல் நயமானது. அருகில் உள்ளது என்றும் பொருள்படும்; பிறிதாய் உள்ளது என்றும் பொருள்படும். பக்கத்து வீடும் அயல். பிற நாடும் அயல். நமக்கு அருகில் இருந்தும் நாமல்லாதவர் எவரோ, அவரே அயலவர். இந்த விளக்கத்தை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனேன். தரகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அவர்கள் கேட்கிறது அதுவல்ல. அயலில் எந்த ஆட்கள் என்று கேட்கிறார்கள். நேரே சாதியைக் கேட்க வெட்கம். அதனால் அயலைக் கேட்கிறார்கள். விற்கிறவர்களும் அப்படித்தான். 'நல்ல ஆட்களாய்ப் பார்த்துக் கொடு' என்பார்கள். நல்லவர் என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலிற் பொருள் வேறு" என்றார்.

சிறிது நேரம் பேசாதிருந்து, மெல்லச் சொன்னார்: "முதல் நாள் ஐயாவும் அப்படித்தான் சொன்னீர்கள்."

சொன்னேனா? சொன்னேன். இளையவன் தொலைபேசியில் என்னிடஞ் சொன்னதை அப்படியே அவரிடஞ் சொன்னேன். எந்தப் பொருளிற் சொன்னேன் என்று இப்பொழுது எவ்வளவோ வியாக்கியானஞ் செய்யலாம். ஒழுக்கமுள்ளவர், அமைதியானவர் என்ற பொருளிலே சொன்னதாக நான் வாதாடலாம். உரையாசிரியர் பலரைப் பயின்றவனுக்குப் பொருள் மாற்றுவதா அரிது? ஆனால் அச்சொல்லை எப்படி விளங்கிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாமலிருக்கவில்லை. "ஐயா சொன்னதால் இரண்டு குடும்பத்தை நான் கூட்டிவராமலே விட்டுவிட்டேன்" என்றார். யாரென்று கேட்டேன். ஒருவரின் விபரத்தைச் சொன்னார். 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து பெற்றோருடன் இடம்பெயர்ந்தவர். முகாமிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்தவர். மேசன் தொழில். மூத்த மகள் பல்கலைக்கழகத்திற் படிக்கின்றாள். என் வீட்டு மதிலைக் கட்டியவரும் அவரே.

அன்றிரவு தேசவழமையை எடுத்து வாசித்தேன். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக்சு என்னுந் திசாவை நம் வழக்கங்களைத் தொகுத்தார்; முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்த்து ஒப்பினர்; ஆங்கிலேயர் 1806 இல் அதனை உறுதிப்படுத்தினர். காணியை விற்கு முன் உரித்தாளிகட்கும் பங்காளிகட்கும், அடைமானம் பிடித்திருக்கும் அடுத்த காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும் என்பது அதில் உள்ள விதி. பின்வந்த 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளிகளளவிலும் உரித்தாளிகளளவிலும் நிறுத்தியது. அயலவரிடஞ் சொல்லாமல் ஒருவன் தன் நிலத்தைக் கைவிடலாகாது என்னும் எண்ணம் எத்துணை உயர்ந்தது என்று மாணவர்க்கு நான் பலமுறை விரித்துரைத்ததுண்டு. அன்றிரவு அதன் மறுபக்கமுந் தெரிந்தது. உறவினர்க்கே முதலுரிமை என்னும் வேலி, உறவல்லாதாரைப் புறத்தே நிறுத்தும் வேலியும் ஆகும். வெட்டியெடுத்துத் தூக்கி நிறுத்திய கல்வேலியிலும் இது வலியது. ஏனெனில் இதற்கு மரபு என்று பெயர்.

பங்குக் கிணறும் அப்படித்தான். 'பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்' என்று உறுதியிலே காணும்போது, தண்ணீரைப் பகிர்ந்துண்ட சமுதாயம் என்று உள்ளம் பூரிக்கின்றது. யாரோடு பகிர்ந்தது? அதே ஒழுங்கையின் அந்தத்தில், அக்கிணற்றைத் தொடவும் உரிமையின்றிக் குடத்தோடு காத்து நின்றவர்கள் உறுதியில் எழுதப்படவில்லை. அவர்களை கே. டானியல் தம் நாவல்களில் எழுதினார். 'பஞ்சமர்' 1972 இல் வந்தது, 'தண்ணீர்' பின்னர் வந்தது. பண்டிதர்களாகிய நாம் அந்நூல்களில் வழூஉச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தோம். சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் வந்தது. தேநீர்க்கடைகளுங் கோயில்களுந் திறக்கவேண்டி 1966 இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. கடைவாயிலுங் கோயில்வாயிலும் பல இடங்களில் திறந்தன. காணியின் வாயிலுக்குச் சட்டம் எப்படி வரும்? அங்கே எவரும் எவரையும் 'வராதே' என்று சொல்வதில்லை. 'நல்ல ஆட்களாய்ப் பார்' என்று மட்டுமே சொல்கின்றார்கள். அச்சொல்லைத் தரகர் சுமக்கின்றார். பாவம் அவர் தலையில், நாம் தூயவர்.

தரகர் மீது நமக்குள்ள இகழ்ச்சியின் காரணம் இதுவோ என ஐயுறுகின்றேன். நமது வாயால் நேரே சொல்லக் கூசுவதைச் சொல்வதற்கு ஒருவரைக் கூலிக்கு அமர்த்துகின்றோம். சொன்னபின் அவரை இழிக்கின்றோம். அவர் ஊரைப் பார்க்கும் பார்வை கடை நோக்குடையது என்று சிலர் மறுக்கலாம். எல்லாவற்றையும் விலையாகப் பார்ப்பவருக்கு மனிதரைத் தெரியுமா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. தரகு வாங்குபவர் தம் வருவாயைக் காப்பார். அவரை நான் முனிவராக்கவில்லை. மறுத்துப் பேசாமல் அந்த இரு குடும்பத்தை விட்டுவிட்டதில் அவருக்கும் பங்குண்டு. அதனை அவரே ஒப்பினார். ஆயினும், விலை ஒன்றையே பார்த்திருந்தால் அவர் அந்த மேசனை முதல் நாளே அழைத்து வந்திருப்பார். ஏனெனில் இருவர் கேட்ட விலையும் ஒன்றே. அவரைத் தடுத்தது பணமன்று, என் சொல்.

மறுநாள் இளையவனோடு பேசினேன். உள்ளதைச் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் ஒலியில்லை. பின்னர், "அண்ணை, இங்கே நான் வீடு வாங்கப் போனபோது என்னையும் ஒரு தெருவில் அப்படித்தான் பார்த்தார்கள்" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மாலையே தரகரை அனுப்பி மேசன் குடும்பத்தை அழைத்தேன். அவர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். தாம் கட்டிய மதிலைத் தட்டிப் பார்த்தார். கடைசியிற் கேட்டார்: "ஐயா, அயல் எப்படி?" எல்லாரும் கேட்கும் அதே கேள்வி. அவர் கேட்டபோது அதற்குரிய விடையை நான் அல்லவா சொல்லவேண்டியிருந்தது! "அயல் நான்தான், இனித்தான் பழகவேண்டும்" என்றேன்.

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் கருத்தை வெளிப்படையாகவே வைக்கின்றேன். நமது ஊர்கள் புறநகர்களாகிவிட்டன. இதனைத் தடுக்க இயலாது, தடுக்க வேண்டியதுமில்லை. 1995 இல் ஓரிரவிலே வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, யார் அயலென்று பார்த்தா நடந்தோம்? எவர் திண்ணையிலும் படுத்தோம்; எவர் கிணற்றிலும் குடித்தோம். அந்தப் படிப்பை ஊர் திரும்பியதும் மறந்துவிட்டோம். இன்று அயலவரைத் தெரிந்துகொள்ளும் வேலையைத் தரகரிடமும், அயலவரை விலக்கும் வேலையையும் அவரிடமே ஒப்படைத்திருக்கின்றோம். முன்னதை நாமே செய்யவேண்டும். பின்னதை எவருஞ் செய்யலாகாது. காணி விற்போர் பழைய விதியின் நல்ல பகுதியைக் கைக்கொள்க: விற்கு முன் அயலவரிடம் நேரிற் சென்று சொல்லுக. 'நல்ல ஆட்கள்' என்னுந் தொடரைத் தம் வாயிலிருந்து நீக்குக. மாணவர்கள் தத்தம் வீட்டு உறுதியை எடுத்துக் காணியின் பெயரை வாசிக்க. பாட்டியிடம் அதன் காரணத்தைக் கேட்க. எழுத்தாளர்கள் தரகரைப் பகடிப் பாத்திரமாக்காமல், அவர் கண்டதைக் கேட்டு எழுதுக.

உறுதி சென்ற தை மாதம் நிறைவேறிற்று. நொத்தாரிசு, துண்டு இலக்கம் இருக்கக் காணிப்பெயர் எதற்கு என்றார். இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆகவே புதிய உறுதியிலும் அது 'இலுப்பையடி வளவு' என்றே உள்ளது. கிணறு இரு பங்குக்கும் நடுவில் அகப்பட்டது. இன்னொரு கிணறு வெட்டுவதாகப் புதிய அயலவர் சொன்னார். வேண்டாம் என்றேன். 'பங்குக் கிணறு' என்று எழுதினோம். கிணற்றடியில் மதில் எழுப்பாமல் விட்டிருக்கின்றோம். வருகின்ற கோடையில் இரு வீட்டாருஞ் சேர்ந்து அதனை இறைத்துத் துப்புரவு செய்வதென்று பேச்சு.